சோழகம் ஓய்ந்த பிறகு

கள்ளுவிட்டுப் புளிக்க வைத்த அப்பமாவின் வாசனைதான் கொட்டாஞ்சேனையில் எங்கள் "தோட்டத்தில்" எல்லோருக்கும் முன்னால் எழும்பும். தோட்டம் என்றால் செடிகொடி அல்ல. ஒரே கூரையின் கீழ் வரிசையாய்க் கிடந்த ஒற்றையறை வீடுகளைக் கொழும்பில் அப்படித்தான் சொல்வோம். பானையைத் திறந்து, பொங்கி நிற்கும் மாவைப் பார்த்ததும் அம்மா சற்று நிற்பார். ஆண்டவர் செய்கிற வேலையும் இப்படித்தான், நாங்கள் நித்திரையாய்க் கிடக்கும்போது சத்தமில்லாமல் நடக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஞாயிறு பூசையில் சுவாமியார் சொன்னதைக் காதில் வாங்கிவந்து, கிழமை முழுக்க அடுப்படியிலும் குழாயடியிலும் அதைத் தேடிக் கண்டுபிடிப்பார். அழுக்குத் துணி வெளுத்தால் அது பாவத்தைச் சொல்லிக் கழுவுகிற பாவசங்கீர்த்தனம்; தவக்காலத்து வெயிலில் மொட்டையாய் நின்ற வாதுமை மரம் துளிர்த்தால் அது உயிர்ப்பு.

அப்பா துறைமுகத்தில் மூட்டை சரிந்து இறந்தபின், அம்மா சுட்ட அப்பமும் அண்ணன் சவரிமுத்துவின் கூலியுமே எங்களுக்குச் சோறு போட்டன. உலக யுத்தம் வந்து, விளக்குகளுக்குக் கறுப்புக் கடதாசி சுற்றிய காலத்தில், சரக்குக் கப்பலொன்றில் நிலக்கரி அள்ளிப்போடும் வேலை அண்ணனுக்குக் கிடைத்தது. "சோழகம்" என்று அம்மா சொல்லும் தென்மேல் காற்று அப்போதுதான் தொடங்கியிருந்தது. மன்னார்க் கடற்கரையில் பிறந்தவராதலால் அந்தக் காற்றை அவருக்குத் தெரியும். போகவேண்டாம் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தார். அண்ணன் கேட்கவில்லை.

அவன் போனபின், கடல் இரையும் மாலைகளில் என்னை முழந்தாளில் இருத்தி உரத்த குரலில் செபமாலை சொல்ல வைத்தார். "ஆண்டவர் புயலுக்கையும் படகில நித்திரை கொண்டவர், பிள்ளை. பிலத்துச் சொன்னால்தான் எழும்புவார்," என்றார். நான் தொண்டை கட்டும்வரை சொன்னேன்.

சோழகம் ஓய்ந்தது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் படுத்துக் கிடக்க, கப்பல்கள் வந்தன, அண்ணனுடையது வரவில்லை. காற்றுக்குப் பிறகு அமைதி வந்ததைப்போல அவனும் வருவான் என்றபடி அம்மா அவனுடைய சேட்டுகளைத் துவைத்து மடித்துவைத்தார். மாரிமழை தொடங்கிய ஒரு பின்னேரம் கப்பல் கொம்பனியின் கிளாக்கர் ஒருவர் சைக்கிளில் வந்தார். கப்பல் கடலுக்கடியில் தாண்டுபோயிற்று, ஒருவரும் தப்பவில்லை என்று நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

அம்மா அழவில்லை. "தண்ணி குளிராய் இருந்திருக்குமோ, தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

தெரியாது என்றார் அவர். ஈரத்தோடு வந்தவருக்கு அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து மாவுப் பானையை வெறுமனே திறந்து மூடினார். அந்த மௌனம் எனக்குப் பயமாய் இருந்தது. மறைக்கல்வி வகுப்பில் படித்தது ஞாபகம் வர, அவர் வாயிலிருந்து பழையபடி ஏதாவது வரட்டும் என்று, மண்ணுக்குள் போகிற வித்துத்தானே அம்மா முளைக்கிறது என்று ஒருநாள் சொன்னேன்.

அம்மா பானையை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். "வித்தைத் தாட்ட இடம் தெரியும், பிள்ளை. என்ர பிள்ளையை எங்கயெண்டு போய்ப் பாக்கிறது?"

அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனார்; பிரசங்கம் நடக்கையில் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த தவக்காலத்தில் வாதுமை மரம் இலையுதிர்ந்து துளிர்த்தது. குப்பை கூட்டியபோது அவர் தலை நிமிரவேயில்லை. சாகும்வரை அவர் வாயிலிருந்து இன்னொரு உவமை நான் கேட்டதில்லை.

அந்தத் தோட்டம் இன்றில்லை. அங்கே மாடிக் கட்டடம் நிற்கிறது. மரித்தோர் திருநாளில் சேமக்காலைக்குப் போனால், குழிக்குக் கட்டிய தவணை முடிந்து அம்மாவின் குழியிலும் வேறு யாரையோ அடக்கியிருக்கிறார்கள். கல்லில் அறியாத பெயர். எல்லோருக்கும் பொதுவான சிலுவையடியில் அம்மாவுக்கும் அண்ணனுக்குமாய் இரண்டு மெழுகுதிரிகளைக் கொளுத்தி வைத்தேன். ஈரக்காற்று இரண்டையும் அணைத்தது. திரும்பவும் கொளுத்தினேன், திரும்பவும் அணைந்தன. நெருப்புப் பெட்டியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.