பார்க்கக் கூடாத முகம்

பெங்களூரில் நான் தங்கியிருந்த அறையில் காஸ் கசிந்து தீப்பிடித்தபோது எனக்கு இருபத்தாறு வயது. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு மாரிகுப்பத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்தேன். இடது கன்னம் உருகிக் கழுத்தோடு ஒட்டியிருந்தது. அந்தப் பக்கத்துக் கண் தூங்கும்போதும் பாதி திறந்தே இருக்கும். நான் வருவதற்கு முன்பே அண்ணி கண்ணாடியைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளிகளுக்காகக் கட்டிய லைன் வீடுகள் அவை. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். பக்கத்து வீட்டு மருமகளுக்கு ஏழாம் மாதம். நான் வந்த நான்காம் நாள் அவளுடைய மாமியார் வாசலில் அண்ணனிடம் பேசியது உள்ளே இருந்த எனக்குக் கேட்டது.

"தப்பா நெனைக்காத தம்பி. மாசமா கீற பொண்ணு உன் தங்கச்சி மூஞ்சியப் பாத்தா வயித்துல கீற கொழந்தைக்கு இன்னா ஆவும்? பொறக்கற வரைக்கும் வேற எங்கனா வெச்சிக்கோ."

சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி, இப்போது மூடிப்போன ஷாஃப்டுக்கு அருகே, அண்ணன் லைன் முடியும் இடத்தில் காலியாகக் கிடந்த ஒரு வீட்டைச் சுத்தம் செய்து என்னைக் கொண்டுபோய் விட்டான். அண்ணி முதலில் சாப்பாட்டைக் கையில் கொடுத்தாள். பிறகு வாசலில் வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். அப்புறம் கூப்பிடுவதும் நின்றது.

அங்கே பகல்தான் பயம். காலை ரயிலில் பாதிப்பேர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டால் சுற்றிலும் சத்தமே இருக்காது. அடியில் வெட்டி எடுத்த பள்ளங்களில் எங்கோ மண் சரிவதுபோல் தரை லேசாக அதிரும். கட்டிலின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் மதியம் தகரக் கூரையில் கல் விழுந்தது. பிறகு இன்னொன்று. கதவிடுக்கில் பார்த்தேன். ஏழெட்டுப் பேர், ஒருவர் கையில் தடி. எல்லாரும் என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள். அந்த மருமகள் காலையில் தலைசுற்றி விழுந்துவிட்டாளாம். நான் அவள் கண்ணில் பட்டிருப்பேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"வெளிய வாம்மா! ஊர வுட்டே போயிடு!"

கதவை உடைத்துவிடுவார்களோ என்று பயந்து நானே திறந்தேன். முகத்தை மூடியிருந்த துப்பட்டா நழுவியது. அவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். நான் ஓரடி முன்னால் வைத்தேன். மறுபடியும் பின்வாங்கினார்கள், தடி வைத்திருந்தவரும்கூட. அது எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் இரண்டடி வைத்தேன். அவர்களோடு வந்திருந்த அந்த மாமியார் கல் தடுக்கி விழுந்தார். தூக்கிவிடக் கை நீட்டினேன்.

"தொடாத! தொடாத!" என்று அலறி, மண்ணில் தவழ்ந்தே விலகினார்.

உள்ளே போய்த் தாழிட்டேன். அப்போது அவர்களைவிட என்மேல்தான் பயமாக இருந்தது. அவர்கள் நினைத்த பேயாக ஆவது எவ்வளவு சுலபம்!

மறுநாள் அந்த மருமகள் தனியாக வந்தாள். வாசலுக்குப் பத்தடி தள்ளியே நின்றுகொண்டாள்.

"அக்கா, ஒரு வாட்டி பாத்துக்கறேன். பாக்காம நெனச்சி நெனச்சித்தான் தூக்கமே வரல."

"வேணாம்மா. எதுனா ஆச்சின்னா என்னிய உசுரோட வுட மாட்டாங்க."

அவள் நகரவில்லை. துப்பட்டாவை எடுத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல. வெயில்ல இழுக்கும்."

"தேங்கா எண்ண தடவுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிரசவம் ஆகும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஆண் குழந்தை, ஒரு குறையும் இல்லை. என்னைத் தள்ளி வைத்ததால்தான் நல்லபடியாகப் பிறந்தது என்று மாமியார் சொல்கிறாராம். அண்ணி வந்து சொன்னாள், இனி வீட்டுக்கு வரலாம் என்றும் சொன்னாள். நான் போகவில்லை. பங்காருபேட்டையில் ஒரு தையல் கடையின் பின்னறையில் வேலை கிடைத்தது. அங்கேயே குடியிருக்கிறேன்.

அந்த மருமகள் அவ்வப்போது போன் செய்து, இப்போது மூன்று வயதாகும் பையனைப் பேசவிடுவாள். அவனை அழைத்து வருகிறேன் என்பாள். ஒவ்வொரு முறையும் ஏதாவது சாக்குச் சொல்லிவிடுகிறேன். என்னைப் பார்த்து அவன் அழுதுவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.