வார்டில் ‘ங்க’ கிடைக்காத ஒருவர்

நர்ஸ் வேலையில் பாதி கையால் செய்வது, பாதி வாயால் செய்வது. கட்டபெட்டு ஊர்க்காரர் மணியண்ணனுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் நடந்த அநியாயம் பெரும்பாலும் வாயால் நடந்தது. தேயிலைத் தோட்டத்தில் நிழல் மரம் கழிக்க ஏறி, சில்வர் ஓக்கிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட மனுஷன். வலிக்கு ஊசி போட்டார்கள். வலி நின்ற பிறகும் ஊசி நிற்கவில்லை. பழக்கமாகி, தானே போட்டுக்கொண்டதில் முழங்கைக்கு மேல் சீழ் கட்டி, தினமும் புண்ணைச் சுத்தம் செய்துகொள்ள வந்தார். முதல் ஊசியைப் போட்டது எங்களைப் போன்ற வெள்ளைக் கோட்டுக்காரர்கள்தான். அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. என்னைப்போல நர்சிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டு வார்டு வார்டாகத் திட்டு வாங்கும் சகோதரிகளே, இது உங்களுக்கும் நடந்திருக்கும். கேளுங்கள்.

குரங்குக்கு உண்டு

எங்கள் வார்டின் புவனா சிஸ்டர் கோயமுத்தூர்ப் பக்கம், யாரிடமும் ‘ங்க’ சேர்த்துத்தான் பேசுவார். மூணு வயசுப் பொடியனிடம் “கையக் காட்டுங்க சாமி” என்பார். ஒருநாள் ஜன்னல் வழியாக வந்து ஒரு நோயாளியின் வர்க்கி பிஸ்கட்டைத் தூக்கிய குரங்கிடம், நான் சத்தியமாகச் சொல்கிறேன், “போங்க சாமி, வெச்சுட்டுப் போங்க” என்றார். கை அவ்வளவு சுத்தம், மனசு அவ்வளவு இளக்கம். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

மணியண்ணன் வாசலில் தலை காட்டியதும் அந்த நாக்கு வேறு நாக்காகிவிடும். அவர் காதில் விழும்படி, என்னைப் பார்த்துச் சொல்வார்: “வந்துட்டான் பாருங்க ஊசிக்காரன். மருந்து அலமாரியப் பூட்டுங்க.”

ஐந்து மார்க் கேள்வி

சிஸ்டரை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோசனம்? நமக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதானே. போதைப் பழக்கம் என்ற பாடம் எங்கள் வகுப்பில் ஒரே ஒரு மத்தியானம் நடந்தது, அதுவும் சாப்பிட்ட பிறகு. ஐந்து மார்க் கேள்விதான் வரும் என்று சொல்லிவிட்டு மேடம் தந்த அறிவுரை: இவங்க நல்லா நடிப்பாங்க, பர்ஸைப் பத்திரமா வெச்சுக்கோங்க.

நான் எழுந்துவிட்டேன். எழாமல் இருக்க எனக்குத் தெரியாது. “சர்க்கரை நோயாளி ஒளிஞ்சு லட்டு தின்னா அது நோய்ங்கறோம் மேடம், பர்ஸை ஒளிக்கறதில்லையே? இவங்களுக்கு மட்டும் ஏன் அது நோய் இல்லாமப் போச்சு?” வகுப்பு தூக்கம் கலைந்து சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டார்: “நீ லா காலேஜுக்குப் போக வேண்டியவம்மா, பஸ் மாறி ஏறிட்ட.”

கத்தினாலும் கத்தாவிட்டாலும்

புண்ணுக்குள் திணித்த துணியை உருவி எடுப்பது எப்படி வலிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு முதலில் மரத்துப்போகிற ஊசி போடுவோம். மணியண்ணனுக்கு அது இல்லை. “ஊசியிலயே ஊறின கை, இதெல்லாம் தெரியாது” என்றார் சிஸ்டர். நிஜம் நேர்மாறு. அந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு வலி அதிகமாகத்தான் தெரியும், மருந்தும் அதிகமாகத்தான் வேண்டும். சொன்னேன். “படிச்சுட்டு வந்து பேசறீங்க” என்று பதில் வந்தது. படிக்காமல் பேசினால் மட்டும் விடுவார்களா?

மணியண்ணன் மப்ளரைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டார். முடிந்ததும் அதை உதறிக் கழுத்தில் சுற்றியபடி என்னிடம் நிதானமாகக் கேட்டார்: “கத்துனா நடிப்பும்பாங்க. கத்தலீன்னா வலிக்கலைம்பாங்க. நீங்களே சொல்லுங்க தங்கச்சி, நான் எதைப் பண்ணட்டும்?”

என் வாய்

அன்று நடைபாதையிலேயே சிஸ்டரோடு சண்டை போட்டேன். நோயாளியின் உரிமை, நர்ஸின் கடமை, எல்லாம் பேசினேன். பேச்சுப் போட்டியாக இருந்திருந்தால் கோப்பை எனக்குத்தான். மறுநாள் மணியண்ணனை எல்லோருக்கும் கடைசியாக உட்காரவைத்தார்கள். அதற்கடுத்த நாள் அவர் வரவே இல்லை.

வந்தது அவர் மனைவி செல்வியக்கா, இலை பறிக்கப் போகாமல், பாதி நாள் லீவு சொல்லிவிட்டு. “கட்டுத் துணி மட்டும் குடுத்துருங்க, ஊட்டுலயே கட்டிக்கறமுங்க.” அப்படியே விட்டால் விஷம் ஏறிக் கையையே எடுக்க வேண்டி வரும் என்று சொன்னேன். “நாளைக்கு எப்படியாவது கூட்டிட்டு வாங்கக்கா. நான் பேசறேன், இவங்கள விடமாட்டேன்” என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க பேசாம இருந்தாப் போதுங்க கண்ணு. நீங்க அவங்களோட சண்டை புடிச்சா, அவருக்குத்தான் வலிக்குது.”

மங்கி குல்லா

மறுநாள் காலையில் மூடுபனி ஜன்னலுக்கு உள்ளேயே வந்துவிட்டது, கரண்டும் இல்லை. வாசலில் ஓர் உருவம் தயங்கி நின்றது. கண் மட்டும் தெரியும் மங்கி குல்லா, தோளைச் சுற்றிக் கம்பளி. சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்: “ஏனுங்க, அங்கயே நின்னுட்டீங்க? குளுருது பாருங்க, உள்ள வந்து உக்காருங்க.”

உருவம் திரும்பித் தன் பின்னால் பார்த்தது. அங்கே பனியைத் தவிர யாரும் இல்லை. பிறகு மெல்லக் குல்லாவைக் கழற்றியது.

மணியண்ணன். சிஸ்டரின் உதடுவரை பழைய ‘அவன்’ வந்து நின்றதை நான் பார்த்தேன். என் நாக்கிலும் ஒரு முழுச் சொற்பொழிவு தயாராக இருந்தது. செல்வியக்காவை நினைத்துக் கடித்துக்கொண்டேன். மணியண்ணன் மப்ளரைக் கடித்தாரே, அது மாதிரி. அண்ணனோ குத்தலே இல்லாமல், வேறு யாருக்கோ உரியதைத் தவறி எடுத்துவிட்டவர்போல, குல்லாவைக் கையில் கசக்கிக்கொண்டு கேட்டார்: “என்னையுங்களா சிஸ்டர் சொன்னீங்க?”

சிஸ்டர் அவர் கையைப் பார்த்தார். பழைய சேலைக் கிழிசலால் கட்டியிருந்தது, மஞ்சளாக நனைந்திருந்தது. பிறகு முகத்தைப் பார்த்தார். “என்னம்மா வேடிக்கை பாக்கற, மரத்துப்போற ஊசிய எடு” என்று என்மேல் எரிந்து விழுந்தார். அன்று எனக்கு ‘ங்க’ இல்லை, போகட்டும். ஸ்டூலைத் தன் பக்கமாக இழுத்துப் போட்டு, அதைக் கையால் தட்டிக் காட்டினார்.

ஆக, நாலு வருஷப் பாடத்தாலும் என் நீள நாக்காலும் சிஸ்டர் வாயிலிருந்து வாங்க முடியாத பதிலை, முகத்தை மறைத்த ஒரு கம்பளிக் குல்லா வாங்கிக்கொடுத்தது: “உங்களைத்தானுங்க.”