மச்சானின் தனி அறை

என் மச்சானுக்குச் சொந்தமாக ஓர் அறை இருந்தது. எனக்குச் சொந்தமாக இருந்தது ஒரு சோபாவின் பாதி. மற்றப் பாதி அண்ணாவின் கால்களுக்கு உரியது.

மச்சானின் அப்பாவான மாமா, மில்லிக்கன் என்ற புறநகரில் வீடு வாங்கிய அந்த வின்ரர், அந்தப் பனிக்காலம் முழுவதும் எனக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. மச்சானும் நானும் ஒரே வகுப்பு. கணக்கில் இருவருமே முட்டை. அப்படியிருக்க அவனுக்கு மட்டும் மாடிப்படி, சறுக்கி இறங்கக் கைப்பிடி, கதவில் பெயர். நாங்கள் இருந்ததோ ஓர் உயரமான அப்பார்ட்மென்டில். அங்கே ஹீற்றர் கொதிக்கும், குறைக்க வழியே இல்லை. வெளியே பனி கொட்ட, அப்பா பெனியனோடு யன்னலைத் திறந்து வைத்து விசிறிக்கொண்டிருப்பார். எனக்கு மானம் போகும்.

சனிக்கிழமை என்றால் மாமா வீட்டார் வந்துவிடுவார்கள். கோட்டைக் கழற்ற முன்பே மாமா யன்னலைச் சாத்துவார்.

"என்ன அத்தான், ரோட்டில போற காருகளுக்கும் ஹீற் குடுக்கிறியளோ?"

"வாடகையோட வாற சூடுதானே, தனிப் பில் இல்லை. நீ இரு, தேத்தண்ணி குடி," என்பார் அப்பா.

மச்சான் நேரே போய் ஹீற்றரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். எங்கள் வீட்டிலிருந்த ஒரே நல்ல மூலையும் அவனுக்கா?

"உது என்ர இடம். எழும்படா."

"உனக்குத்தானே ஒவ்வொரு நாளும் இருக்கு," என்பான். அது நக்கல் என்றே நினைத்தேன்.

ஒருமுறை அவர்கள் புறப்படும்போது நான் வாசலை மறித்துப் படுத்துவிட்டேன். மச்சானின் அறையில் ஒரே ஓர் இரவு படுக்கவேண்டும், அவ்வளவுதான். மாமாவும் மாமியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வெயில் வரட்டும் ராசா, பிறகு வாவன்," என்றார் மாமி.

அறையைக் காட்டுவதற்குக்கூடக் கஞ்சத்தனம்! நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரன் சுவரில் தட்டினான். மாமா என்னைத் தூக்கிக் காரில் போட்டார்.

அந்த அறைக் கதவின் அடியில் மாமா இடுப்பில் உடுத்த பழைய சாரம் ஒன்று சுருட்டிச் செருகியிருந்தது. மாமா அதை இழுத்துவிட்டுத் திறந்தார். யன்னலில் பிளாஸ்டிக் தாள். நிலத்தில் சூட்டுக் காற்று வரும் துவாரத்துக்கு மேல் டேப். கட்டில் விரிப்பு மடிப்புக் குலையாமல் கிடந்தது. மச்சான் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"ஏன்ரா, நீ வரேல்லையோ?"

"நாங்கள் எல்லாரும் அம்மான்ர அறையிலதான் படுக்கிறது."

"பயந்தாங்கொள்ளி!" என்று சிரித்துவிட்டு, ஜாக்கெட்டைக் கழற்றாமலே ராசா போல ஏறிப் படுத்தேன். கொஞ்ச நேரம்தான் ராச்சியம். பிறகு பற்கள் தாமாகவே தாளம் போடத் தொடங்கின.

அது மாமாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். வந்து டேப்பை உரித்தார். பிறகு நடையில், சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். அதை அவரைத் தவிர வேறு யாரும் தொடுவதில்லை; மாமிகூட மூலஸ்தானம் போலத் தள்ளி நின்றுதான் பார்ப்பார். மாமா சற்று யோசித்தார். பிறகு அதைத் திருகினார். கீழே ஏதோ உறுமியது. துவாரத்தால் சூடு வந்தது.

"அம்மா, இண்டைக்கு நான் என்ர அறையில படுக்கப்போறன்!" என்று நடையில் மச்சானின் குரல்.

மச்சான் தலையணையோடு பாய்ந்து வந்தான். ஒரு நாளைக்குக்கூட விட்டுத்தர மனமில்லை பாருங்கள்! முழங்காலால் அவனை ஓர் இடி இடித்தேன். அவனோ சிரித்துக்கொண்டே நித்திரையாகிவிட்டான்.

வீடு வந்ததும் அம்மாவிடம் பெருமை அடித்தேன்: "எனக்காக மாமா வீடு முழுக்கச் சூடு போட்டவர்!" "அப்ப மற்ற நாளில?" என்றார் அம்மா.

அடுத்த சனிக்கிழமை, அவர்கள் வர முன்பே, அம்மா ஹீற்றர் மூலையில் மெத்தை விரித்து என்னுடைய நல்ல போர்வையையும் போட்டு வைத்தார்.

"ஆருக்கு உது?"

"மச்சானுக்கு. இனி வின்ரர் முடியுமட்டும் சனி இரவு அவன் இஞ்சதான்."

தனி அறை வைத்திருப்பவனுக்கு எங்கள் வீட்டிலும் ஒரு படுக்கையா? அன்று முழுவதும் நான் சாப்பிடவில்லை.