எண்ணெய் பூசிய முகம்

நேற்று மாலை கண்டியில், திருகோணமலை வீதியில் வடை வாங்கினேன். சுற்றித் தந்த செய்தித்தாளில் எண்ணெய் ஊறி, மறுபக்கத்து எழுத்துகளும் இப்பக்கத்தில் தெரிந்தன. வடை ஆறிப்போயிற்று, நண்பரே. நான் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எண்ணெய் எழுத்தைக் காட்டும் என்பதை இந்த வயதில் கண்டுபிடித்த பட்டதாரி நான். நான் அறிந்த எண்ணெய் எழுத்தை மறைத்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்குக் கண்டியில், கல்வெட்டுகளைத் தேடியலைந்த ஒரு சிங்கள அதிகாரியிடம் வேலை. ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் தட்டி, மசி ஒற்றிப் படியெடுப்பேன். அந்த மசிவாசம் என் சட்டைகளை விட்டுப் போனதேயில்லை. அதிகாரி நல்ல மனிதர். தம் சாப்பாட்டில் பாதியை எனக்குத் தருவார். சிங்கள மன்னர்களின் வரலாற்று ஏடொன்று எப்போதும் அவர் தோல்பையில் இருக்கும். ஏட்டில் ஒரு மன்னரின் தானத்தை முதலில் கண்டுகொள்வோம்; பிறகு அதற்குச் சாட்சி சொல்லும் கல்லைத் தேடிப் புறப்படுவோம். இது தலைகீழ் வேலையென்று அன்று தோன்றவில்லை. பிறக்கப்போகும் நாட்டுக்குப் பழமை தேடித் தருகிறோம் என்ற பெருமிதம் எனக்கு.

கண்டியை அடுத்த பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கோயில் முன் அப்படியொரு கல் நின்றது. ஒரு முகத்தில் சிங்களம், மறுமுகத்தில் தமிழ். வாக்காளர் பட்டியலான இடாப்பில் பெயர் பதிந்த காலம் அது. தோட்டத்து மக்கள் தாம் இந்நாட்டில் நிலையாகக் குடியிருப்பவர்கள் என்று காட்டவேண்டியிருந்தது. கோயிலைப் பார்த்துக்கொண்ட கருப்பையா தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுபவர். அவர் பெயரை ஒருமுறை தள்ளிவிட்டிருந்தார்கள்.

"நம்ம எழுத்து இங்க ஆதியிலயே இருந்திருக்குன்னு நீங்க எழுதிட்டா, வந்தேறின்னு சொல்ல அவுகளுக்கு வாய் வருமாங்கையா?"

அந்தக் கல்லுக்கும், இந்தியாவிலிருந்து மன்னார்க் காட்டு வழியே நடந்துவந்த அவர் பாட்டனுக்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும். அதிகாரிக்கும் ஏட்டிலிருந்த அந்த மன்னருக்கும் இருந்த தொடர்பு அவ்வளவுதான் என்பது பின்னாளில்தான் உறைத்தது.

நாங்கள் வருவதறிந்து, மரியாதைக்காக, தமிழ் முகத்துக்கு நல்லெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசி வைத்திருந்தார் கருப்பையா. ஈரக் காகிதம் ஒட்டவில்லை. இரண்டாம் முறையும் வழுக்கி விழுந்தது.

"கல்லுக்கு ஊத்துன எண்ணெய என் தலைக்குத் தடவியிருந்தா முடியாச்சும் வளந்திருக்கும்" என்றார் அவர் மனைவி மாரியாயி.

"சும்மா கெட, புள்ள. ஐயா, சீயக்கா போட்டுக் கழுவிடுறேன். நாளைக்கு வாங்க."

மழை இருட்டிக்கொண்டு வந்தது. சிங்கள முகத்தை முன்பே படியெடுத்திருந்தோம்; வேண்டிய பக்கம் கிடைத்துவிட்டது, போதும் என்றார் அதிகாரி. நாளை நான் மட்டும் வந்து எடுக்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். வேலை நிரந்தரமாகாத நேரம்; காகிதங்களைச் சுருட்டினேன். என் பெயர் இடாப்பில் பத்திரமாக இருந்தது. கருப்பையாவிடம் மட்டும் மெல்ல, "ஓம், நாளைக்கு வாறன்" என்றேன்.

போகவில்லை.

அறிக்கையில் ஒரு முகமே ஏறியது. சில மாதங்களில் கல்லைப் பெயர்த்துக் கண்டியில் ஒரு மண்டபச் சுவரில் பதித்தார்கள். அறிக்கையிலிருந்த முகம் வெளியே, மற்றது சாந்துக்குள். ஒருநாள் அங்கே கருப்பையாவைக் கண்டேன். கல்லுக்கும் சுவருக்கும் இடையே விரல் நுழையுமா என்று தடவிக்கொண்டிருந்தார். பெயரை மறுபடியும் தள்ளிவிட்டார்களாம். அதைச் சொன்னபோது குரல் மாறவில்லை. பிறகு, "நல்லாக் கழுவி வச்சிருந்தேங்கையா" என்றார்.

அந்த லயம் இன்றில்லை. அவர் பிள்ளைகள் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய்விட்டார்கள். மண்டபத்தையும் இடித்துவிட்டார்கள், கல் எங்கே போயிற்றென்று கேட்டால், எந்தக் கல் என்கிறார்கள். கழுவி வைத்த அந்த முகத்தை யாரும் படிக்கவேயில்லை.