குள்ளியின் ஸ்க்ரூவைத் தொட்டது யார்?

ஜெனரேட்டர் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவருக்குப் பாம்புச்செவி என்று பட்டப்பெயர் வந்தது சும்மா இல்லை. சோதனைக் கூடத்தில் ஆறு எஞ்சின்கள் ஒரே நேரத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும். இவர் நடுவில் ஒரு நடை போய்விட்டு, "நாலாவதுல ஒரு வால்வு தட்டுது, கழட்டுங்க" என்பார். கழற்றிப் பார்த்தால் தட்டிக்கொண்டுதான் இருக்கும். இப்படி ஒரு திறமை வாய்த்துவிட்டால் மனுஷனைக் கையில் பிடிக்க முடியுமா? ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆன பிறகும் தெருவில் போகிற ஸ்கூட்டரை நிறுத்தி, "செயின் தளர்ந்து கிடக்கு, பார்த்துப் போங்க" என்று சொல்லி அனுப்பினால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

அந்தக் காதுக்கு இப்போது மிச்சமிருந்த ஒரே வேலை குள்ளி.

குள்ளி என்பது கார். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடக்கூடிய, அறுபது வயதான பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார். உயரம் இடுப்புக்குக்கூட வராது. ஒரு பழைய ஒர்க்ஷாப்பின் பின்புறம் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த அந்த எலும்புக்கூட்டை அவரும் அவருடைய மனைவியின் தம்பியும் பாதிப் பாதி போட்டு வாங்கி, வீட்டை ஒட்டிய கராஜில் வைத்து ஒன்பது வருஷம் உயிர் கொடுத்தார்கள். எஞ்சின் இவர் பொறுப்பு. தகரம் தட்டியது, பட்டி பார்த்தது, பெயிண்ட் அடித்தது எல்லாம் மச்சினன். அவனுக்கு டிங்கர் ஷெட் சொந்தமாக இருக்கிறது. கராஜுக்கு இரண்டு சாவி, ஆளுக்கு ஒன்று.

குள்ளிக்கு இரண்டு கார்புரேட்டர்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற இரண்டு வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவு மூச்சு இழுக்க வேண்டும். ஒன்று அதிகம், ஒன்று குறைவு என்றால் வண்டி இருமும், உதறும், மேட்டில் நின்றுவிடும். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு ஸ்க்ரூ உண்டு. அதைத் திருகி மூச்சைக் கூட்டலாம், குறைக்கலாம். மற்றவர்கள் இதற்கு மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். பாம்புச்செவி மீட்டரைத் தொடுவாரா? ஒரு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பின் காதுமுனைகளை வெட்டி எடுத்து, இரண்டுக்கும் தனித்தனியாக ரப்பர் குழாய் மாட்டியிருந்தார். இடது காதுக் குழாய் முன் வாய்க்கு, வலது காதுக் குழாய் பின் வாய்க்கு. சனிக்கிழமை மத்தியானம் அதை மாட்டிக்கொண்டு குனிந்தால், இரண்டு 'உஸ்'ஸும் ஒன்றாகிற வரை நிமிர மாட்டார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இரண்டு பேரும் ஏரிக்கரை ரோட்டில் ஒரு சுற்று போய் வருவார்கள். வாரத்தில் அவர் வாய்விட்டுச் சிரிக்கிற நேரம் அது ஒன்றுதான்.

வம்பு எங்கே ஆரம்பித்தது என்றால், சில மாதங்களாக ஒவ்வொரு சனிக்கிழமையும் முன் வாயின் மூச்சு குறைந்திருந்தது. போன வாரம் சரியாக வைத்தது இந்த வாரம் எப்படிக் குறையும்? ஸ்க்ரூவுக்குக் காலா முளைத்திருக்கிறது? ஒரு தடவை என்றால் பரவாயில்லை. பதினோரு வாரம் எண்ணினார். பதினோரு வாரமும் முன் வாய்தான்.

அவருக்கு மூக்கு வேர்த்துவிட்டது. மனைவியின் நகப்பூச்சை எடுத்துவந்து, சனிக்கிழமை வேலை முடிந்ததும் ஸ்க்ரூவின் தலையிலிருந்து கார்புரேட்டர் உடம்பு வரை ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். யாராவது திருகினால் கோடு உடையும். மறுநாள் சவாரி முடிந்து மத்தியானம் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

கோடு உடைந்திருந்தது.

அன்றிலிருந்து அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரிந்தார். மச்சினன் ஞாயிற்றுக்கிழமை அரைமணி முன்னாலேயே வந்து, கராஜைத் திறந்து, வண்டியைத் துடைத்து, எஞ்சினைச் சூடேற்றி வைப்பான். இத்தனை நாள் அதைப் பாசம் என்று நினைத்திருந்தார். பாசமாம் பாசம்! டிங்கர் ஷெட்டில் ஒரு பல் டாக்டர் அடிக்கடி வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறார். அந்த டாக்டர் ஒருமுறை குள்ளியை ஏற இறங்கப் பார்த்து, "கொடுக்கற எண்ணம் இருந்தா சொல்லுங்க சார்" என்றவர். வண்டியைக் கெடுத்து, கிழவனைச் சலிக்க வைத்து, தள்ளிவிடத் திட்டம். ஏரிக்கரை ரோட்டில் போகும்போதும் பக்கத்து சீட்டில் அவன் ஏதோ வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு வருகிறான். முன்பெல்லாம் கணீரென்று பேசுகிறவன். குற்றமுள்ள நெஞ்சு வேறு எப்படிப் பேசும்? எஞ்சின் சத்தத்தில் இவரும் 'ம், ம்' என்று தலையாட்டி வைப்பார்.

போதாததற்கு மனைவியும். முப்பது வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தவள், திடீரென்று வலது பக்கத்துக்கு மாறிவிட்டாள். கேட்டால், "இங்கதான் காத்து வருது" என்றாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியாகக் கராஜ் கதவு தெரியும் என்பதை அவர் கவனிக்காமல் இல்லை. அக்காளும் தம்பியும் சேர்ந்து தனக்கு ஆப்பு வைக்கிறார்கள் என்றே முடிவு கட்டினார்.

நான்காவது முறை கோடு உடைந்த ஞாயிற்றுக்கிழமை அவரால் பொறுக்க முடியவில்லை. சவாரி முடிந்து மச்சினன் கை கழுவிக்கொண்டிருந்தான். மனைவி காப்பி கொண்டுவந்திருந்தாள்.

"மாப்ள, நேரா கேக்கறேன். முன் ஸ்க்ரூவை நீ தொட்டியா இல்லையா?"

மச்சினன் நிமிர்ந்து பார்த்தான். "தொட்டேன் மாமா."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "ஏன் தொட்டே?"

"ஏன்னா? உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே மாமா..."

"எங்கிட்ட எப்போடா சொன்னே? செய்யறதையும் செஞ்சுட்டுப் பொய் வேறயா! எத்தனைக்குப் பேசியிருக்கே அந்தப் பல் டாக்டர்கிட்ட?"

மச்சினன் முகத்தில் ஈயாடவில்லை. மெல்லத் திரும்பி அக்காளைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்பது போலத் தலையசைத்தாள். அந்த ஜாடை போதாதா இவருக்கு?

"என்ன அங்க கண்ணாலேயே பேச்சு? ஒன்பது வருஷம் ஒண்ணா உக்காந்து வேலை பார்த்தேன்னு நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும். திருட்டுப் பய!"

"என்னங்க, வாயை அளந்து பேசுங்க" என்றாள் மனைவி.

இடுப்பு வளையத்திலிருந்து கராஜ் சாவியைக் கழற்ற மச்சினனுக்கு நேரம் பிடித்தது. பெயிண்ட் படிந்து கெட்டியாகிப்போன வளையம். கழற்றி, குள்ளியின் பானெட் மேல் கீறல் விழாதபடி ஒரு துணியைப் போட்டு, அதன் மேல் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாளே பாம்புச்செவி புதுப் பூட்டு வாங்கி மாட்டினார். ஒரே சாவிதான் வைத்துக்கொண்டார். அதுவும் சட்டைப் பையில், குளிக்கும்போது சோப்புப் பெட்டி பக்கத்தில். சனிக்கிழமை குழாயை மாட்டி, ஆற அமர ட்யூன் செய்து, சிவப்புக் கோடு இழுத்து, பூட்டி, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். இனி எவன் வருகிறான் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தனியாகவே கிளம்பினார். தெருமுனை தாண்டுவதற்குள் குள்ளி இருமியது. சாலைச் சந்திப்பில் உதறியது. ஏரிக்கரை ஏற்றத்தில் இரண்டு முறை நின்றது. பின்னால் வந்த பால் வண்டிக்காரன் ஹாரன் அடித்தே மானத்தை வாங்கினான். கடந்த ஒன்றரை வருஷத்தில் குள்ளி இப்படிச் செய்ததே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

பானெட்டைத் திறந்தார். கோடு உடையவில்லை.

பூட்டு புதிது. சாவி பையில். கோடு முழுசாக இருக்கிறது. பின்னே வண்டி ஏன் இப்படி உதறியது? சந்தேகம் பிடித்த மனசு சும்மா இருக்குமா? குழாய்! பூட்டு மாற்றுவதற்கு முன்பே படுபாவி குழாய்க்குள் பஞ்சை அடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இருக்கட்டும், கையும் களவுமாகப் பிடிக்கிறேன்.

எஞ்சினை ஓடவிட்டு, முன் வாய்க் குழாயை மட்டும் எடுத்து, அடைப்பு எங்கே என்று பார்க்க வலது காதில் வைத்தார்.

சூறைக்காற்று மாதிரி இரைந்தது. அடைப்பாவது ஒன்றாவது! முன் வாய் அளவுக்கு மேல் திறந்து கிடந்தது. அவரே நேற்று இதைத்தான் 'சரியாக இருக்கிறது' என்று முடித்திருந்தார்.

அதே குழாய், அதே வாய். முனையை இடது காதுக்கு மாற்றினார். தூரத்தில் யாரோ பெருமூச்சு விடுவது போல இருந்தது, அவ்வளவுதான்.

மறுபடி வலது. மறுபடி இடது. எஞ்சினை அணைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றி இடது காதோடு அழுத்தினார். ஒன்றுமே இல்லை. அது நின்றுபோயிருக்கிறதா என்று முள்ளைப் பார்த்தார். முள் ஓடிக்கொண்டிருந்தது.

முப்பத்தொரு வருஷம் எஞ்சின் வரிசைக்கு இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு நடந்த காது. முன் வாயின் சத்தம் அந்தக் காதில் குறையக் குறைய, அவர்தான் வாராவாரம் அதைத் திறந்து திறந்து வைத்திருக்கிறார். வண்டியைக் கெடுத்தது அவர். ஞாயிற்றுக்கிழமை விடியலில் வந்து, கமுக்கமாக அதைச் சரிசெய்து, அவரைச் சிரிக்க வைத்து அழைத்துப் போனவனைத்தான் திருட்டுப் பயல் என்று சொல்லியிருக்கிறார்.

தோளில் கை பட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினார். மனைவி இடது பக்கம் நின்றிருந்தாள்.

"எவ்வளவு நேரமா கூப்பிடறேன்" என்றவள், அவர் முகத்தையும் கையிலிருந்த குழாயையும் பார்த்துப் பேச்சை நிறுத்திக்கொண்டாள். பிறகு சுற்றி வந்து வலது பக்கம் நின்றாள். அப்போதுதான் அவருக்குச் சாப்பாட்டு மேஜை நாற்காலியும் புரிந்தது.

டிங்கர் ஷெட்டில் மச்சினன் ஒரு கார் கதவுக்குப் பட்டி தேய்த்துக்கொண்டிருந்தான். பல் டாக்டரின் கார்தான் அது. கதவில் பெரிய நசுங்கல். அதற்காகத்தான் அந்த மனுஷன் வந்து வந்து நின்றிருக்கிறார். பாம்புச்செவியைப் பார்த்தும் மச்சினன் கை நிற்கவில்லை.

"திருடன் இடத்துக்கு எதுக்கு மாமா வந்தீங்க?"

அவர் புதுச் சாவியையும் ரப்பர் குழாயையும் ஸ்டூல் மேல் வைத்தார். "குள்ளி மூச்சுத் திணறுது மாப்ள. முன் வாயை ரொம்பத் திறந்துட்டேன்."

மச்சினனின் கை நின்றது. "அக்கா சொல்லிட்டாளா?"

"இல்ல. குழாய் சொல்லுச்சு. சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொல்லிட்டேன்டா. என்னை ரெண்டு வார்த்தை திட்டிடு, எனக்கு மனசு ஆறும்."

மச்சினன் பழைய பெயிண்ட் டப்பாவுக்குள் கைவிட்டு, காற்று அளக்கிற சின்ன மீட்டர் ஒன்றை எடுத்துத் துடைத்தான். அதை எடுத்துக்கொண்டு அவரோடு நடந்தான். கராஜில் முன் ஸ்க்ரூவை ஒன்றே கால் சுற்று திருப்பினான். குள்ளி இருமலை நிறுத்திச் சீராக மூச்சு விட ஆரம்பித்தது. அது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது, வலது காதில்.

"வா, ஒரு சுற்று போலாம். நீ ஓட்டு" என்று இடது பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே கிடையாது. இப்போது அவருடைய வலது காது மச்சினன் பக்கம் இருந்தது.

ஏரிக்கரை வந்ததும்தான் கேட்டார். "சொல்லிட்டுத்தானே செஞ்சேன்னியே மாப்ள, எப்போ சொன்னே?"

"இங்கதான் மாமா. இதே ரோட்டுல. ஒன்றரை வருஷம் முன்னாடி. உங்க காது ஒரு பக்கம் மந்தமாயிருச்சு போல, ஸ்க்ரூவைக் காலையில நானே சரி பண்ணிடறேன்னு சொன்னேன். நீங்க ரோட்டைப் பார்த்துக்கிட்டே 'ம், ம்'னீங்க. சரி, மாமாவுக்கே தெரிஞ்சிருக்கு, வாய்விட்டுப் பேசப் பிடிக்கலைன்னு விட்டுட்டேன். அக்காகிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

அவர் அவன் பக்கம் திரும்பினார். "வேற என்னெல்லாம் சொன்னே?"

"விடுங்க மாமா."

"சொல்லுடா."

மச்சினன் கியரை மாற்றினான். "பெயிண்ட் வாடை எனக்கு ஒத்துக்கலை, நெஞ்சுல இருக்கறது வெறும் சளி இல்ல, வேற என்னமோன்னு நெஞ்சு டாக்டர் சொல்றார், ஷெட்டை மூடச் சொல்றார்னு சொன்னேன். அக்காவுக்கு இப்போ தெரிய வேணாம், பயந்துடுவான்னேன். உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன் மாமா. நீங்க சிரிச்சுக்கிட்டே தலையாட்டினீங்க."

காற்று வேகமாக அடித்தது. அவர் கையை நீட்டி ஸ்டீரிங் மேலிருந்த மச்சினன் கையைப் பிடித்தார்.

"ஓரமா நிறுத்து. எஞ்சினை அணை. முதல்லேர்ந்து சொல்லு."