ரேடியோவில் பேசிய என் வீட்டுக்காரர்

இன்று காலை எரியோட்டிலிருந்து திண்டுக்கல் போகும் பஸ்ஸில் டிரைவர் பாட்டுப் போட்டதும், என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார்.

“அந்தக் காலத்துலயே நான் ரேடியோவுல பேசினவன்.”

எங்கள் கல்யாணத்துக்கு முன்பு, அறுபதுகளின் கடைசியில் நடந்ததாம். கத்தரிச் செடியில் விழும் பூச்சியைப் பற்றிப் பேச வானொலி நிலையத்தில் இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அது ஒலிபரப்பான அன்று ஊரே பஞ்சாயத்து ரேடியோ முன்னால் உட்கார்ந்திருக்க, கரண்ட் போய்விட்டது. ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. அதனால் ஒருவரும் நம்பவும் இல்லை.

நானும்தான்.

முன் சீட்டுப் பெரியவர் திரும்பினார். “உங்களுக்கு எந்த ஊரு?”

“எரியோடு.”

“கத்தரிக்காப் பூச்சிப் பேச்சா? கொடைரோட்டுல டீக்கடையில உக்காந்து கேட்டேனே! நடுவுல அம்புட்டு இருமல் இருமுனது நீங்கதானா?”

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இத்தனை வருடம் சொன்ன கதையில் இருமல் வந்ததே இல்லை.

“பயத்துல தொண்டை காஞ்சுபோச்சுண்ணே.”

“அதனால என்ன? நீங்க சொன்னபடி சாம்பலைத் தூவித்தான் எங்க தோட்டம் பொழைச்சுச்சு.”

பெரியவர் கையை எட்டிப் பிடித்த இவர், திண்டுக்கல் வரும்வரை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார். உங்களுக்கும் வரலாம். தயவுசெய்து எடுத்து, “அப்படியா?” என்று மட்டும் கேளுங்கள். மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார்.