பம்புக்குப் போதாத கரன்ட்

ஒரகடத்துக்கு வேலைக்கு வந்த நான்காம் வருஷம் ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கி, இன்ஜினின் வேகத்தைக் கூட்ட அதில் டர்போ மாட்டினேன். மெதுவாகப் போனால் ஒரு குறையும் இருக்காது. அகலமான சாலையில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் மட்டும், யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது மாதிரி திணறும்.

இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்பது புரிந்தது. அப்படியே ஓட்டினால் பிஸ்டன் உருகிவிடும் என்ற பயமும் இருந்தது. ஃபில்டரை மாற்றினேன். பெரிய பம்ப் போட்டேன். பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் மாற்றினேன். திணறல் போகவில்லை. கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. அங்கே அளந்து பார்க்காமல் ஒரு திருகைக்கூடத் தொட விடமாட்டேன். வீட்டில் ஊகத்தை நம்பி ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

என் மனைவிக்குச் சொந்த ஊர் சேரப்பணஞ்சேரி. கார்களுக்கு ஒயரிங் செய்யும் கம்பெனியில் ஏழு வருஷமாக உற்பத்தி லைனில் நிற்கிறாள். ஒரு ஞாயிறு காலை, பெட்ரோல் குழாயில் இணைத்த பிரஷர் கேஜை முன்கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டிவிட்டு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

“நான் ரோட்டைப் பாக்கணும். நீ முள்ளைப் பாத்துச் சொல்லு.”

படப்பை தாண்டி, சாலை காலியாக இருந்த இடத்தில் மிதித்தேன்.

“மூணு. மூணுக்கு மேல. எறங்குது. ரெண்டரை. ரெண்டு. காலை எடுங்க.”

மிதிக்க மிதிக்க ஏற வேண்டிய பிரஷர் இறங்குகிறது. ஓரமாக நிறுத்தினேன். “இதைவிடப் பெரிய பம்ப் போடணும் போல” என்றேன்.

“இப்ப கீற பம்ப்புக்கு கரன்ட் எந்த ஒயர்ல போவுது?”

“பழைய ஒயர்தான்.”

“பெரிய பம்ப்பு ஜாஸ்தி இழுக்கும்ல. அந்த ஒயரு எப்டி தாங்கும்? அன்னிக்கே சொன்னேன்.”

“என்னிக்கு?”

“பம்ப்பு மாத்தனன்னிக்கு. நீங்க போன்ல பேசிக்கினு இருந்தீங்க.”

அன்று தெரிந்த மெக்கானிக்குகள் அத்தனை பேரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

பின் சீட்டைத் தூக்கி, பம்பின் இணைப்பில் மல்டிமீட்டரைப் பொருத்தினேன். அவள் பின்னால் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துச் சொல்ல, மறுபடி ஓட்டினேன். சும்மா நிற்கும்போது பன்னிரண்டரை வோல்ட். முழுக்க மிதித்ததும் பத்துக்குக் கீழே போனது. பம்பில் குறையில்லை, பம்புக்குத்தான் கரன்ட் போதவில்லை. ஒயர் காரின் உடம்போடு சேரும் இடத்தைச் சுரண்டிப் பார்த்தேன். பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது.

அடுத்த ஞாயிறு அந்த இடத்தைச் சுத்தம் செய்து, பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுத்து, ஃபியூஸும் ரிலேயும் வைத்தோம். முனைகளை அவள்தான் இறுக்கினாள். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்த பிறகே என்னைத் தொடவிட்டாள். மறுபடி அதே சாலையில் மிதித்தேன்.

“மூணு. மூணரை. அங்கியே நிக்கிது.”

கார் திணறாமல் பாய்ந்தது. சந்தோஷம்தான், ஆனால் அது முழுசாக இல்லை. கார் திணறுவதைப் பற்றி ஊரெல்லாம் கேட்டவன், கார் ஒயரையே நாள் முழுக்கக் கையில் பிடிக்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் சொன்னதும் காதில் ஏறவில்லை. இப்படி வேறு எதையெல்லாம் தவறவிட்டேனோ என்று யோசித்தபடி வண்டியை நிறுத்தினேன்.

“என்னிக்காவது நீ சொல்றத நான் கேக்கலன்னா, சத்தமா ஒருவாட்டி சொல்லு” என்றேன்.

“சொல்றேன். இப்ப எறங்குங்க, நான் ஓட்றேன்.”

இறங்கிச் சுற்றிப்போய் மறுபக்கம் உட்கார்ந்தேன்.